குட்டை இட்லிப்பூ தரையை மூட மாட்டேன் என்கிறதா? மருந்து வாங்குமுன் எந்த இலை என்று பாருங்கள்

புல்தரைக்குப் பதிலாகக் குட்டை இட்லிப்பூவை நெருக்கமாக நட்டுவிடுங்கள், புல்வெட்டும் மெஷின் வேண்டாம், வருஷம் முழுக்கச் சிவப்பும் ஆரஞ்சுமாகப் பூத்துக் கிடக்கும் என்று நர்சரியில் சொல்வார்கள். சொல்வதில் பொய் இல்லை, மண் பிடித்துப்போன இடத்தில் அது அப்படித்தான் கிடக்கிறது. ஆனால் சென்னைப் புறநகரிலும் கோவையிலும் புதிதாகக் கட்டிய வீடுகளின் முன்வாசலைப் பாருங்கள், மஞ்சளடித்துப்போய், நடுநடுவே சொட்டை விழுந்து, நட்ட உயரத்திலேயே நின்றுகொண்டிருக்கும். உடனே எல்லோரும் கேட்பது "என்ன மருந்து அடிக்கலாம்?" என்பதுதான். பெரும்பாலும் அங்கே மருந்துக்கு வேலையே இல்லை.

இது நம் ஊர் வெட்சிதான். ஆநிரை கவரப் போனவர்கள் சூடியதாகச் சங்க இலக்கியம் சொல்கிற அதே வெட்சி, அதில் குள்ளமாக, சின்ன இலையோடு தேர்ந்தெடுத்த ரகத்தைத்தான் மினி இக்சோரா என்று விற்கிறார்கள். தென்னிந்தியாவும் இலங்கையும் அதன் சொந்த மண், காப்பிச் செடி அதற்கு உறவு. இட்லிப்பூவுக்கு நல்ல மழை பெய்து சுண்ணாம்பெல்லாம் கரைந்து போன, லேசாகப் புளித்த செம்மண்தான் பிடிக்கும், மண்ணின் புளிப்பையும் காரத்தையும் காட்டுகிற பி.எச். அளவு 5 முதல் 6.5 வரை இருந்தால் கவலையே இல்லை. நாம் நடுவதோ சிமெண்ட் சக்கையும் செங்கல் உடைசலும் புதைந்த மண்ணில், ஊற்றுவது சுண்ணாம்புச் சத்து ஏறிய போர்த் தண்ணீர். நம் ஊர்ச் செடி நம் வாசலில் தவிப்பதற்குக் காரணம் இதுதான்.

சரி, இப்போது செடிக்கு முன் குந்தி உட்கார்ந்து ஒரு கேள்விக்குப் பதில் கண்டுபிடியுங்கள்: கோளாறு கொழுந்தில் இருக்கிறதா, அடி இலையில் இருக்கிறதா? இரும்புச் சத்து ஒரு இலைக்குப் போய்விட்டால் அங்கிருந்து நகராது, அதனால் பற்றாக்குறை வந்தால் புது இலைதான் முதலில் காட்டும். தழைச்சத்து (நைட்ரஜன்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), மக்னீசியம் எல்லாம் நகரக்கூடியவை, குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து உறிஞ்சிக் கொழுந்துக்குக் கொடுக்கும், எனவே அடி இலைதான் முதலில் அடிவாங்கும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் பாதிச் செலவு மிச்சம்.

கொழுந்து மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

இட்லிப்பூவில் அதிகம் வருவது இதுதான். நுனியில் இருக்கும் இலைகள் எலுமிச்சை மஞ்சளாக, நரம்பு மட்டும் கோடு கோடாகப் பச்சையாக நிற்கும்; முற்றினால் நரம்பும் வெளுத்து இலை கிட்டத்தட்ட வெள்ளையாகி ஓரம் கருகும். அடி இலைகள் பச்சையாகவே இருக்கும். இரும்புப் பற்றாக்குறை. மண்ணில் இரும்பே இல்லை என்று அர்த்தமில்லை, வேண்டிய அளவு இருக்கும், காரத்தன்மை கூடினால் கரையாத நிலைக்குப் போய் வேருக்குக் கிடைக்காது, அவ்வளவுதான். மாங்கனீசும் இதே மாதிரி சிக்கிக்கொள்ளும்.

உறுதி செய்ய இரண்டு வழி. சுவர் ஓரத்து வரிசை மஞ்சளாகவும் இரண்டடி தள்ளியிருக்கும் வரிசை பச்சையாகவும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சுவரிலிருந்து இறங்கும் சுண்ணாம்புதான் காரணம், மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை. இல்லையென்றால் செடியின் பக்கத்தில் நாலு விரல் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துக் காயவைத்து அதன் மேல் சமையல் வினிகரைச் சொட்டு விடுங்கள். நுரைத்துக்கொண்டு சத்தம் வந்தால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது. கோவைப் பக்கம் சுக்கான் கல் கலந்த கரிசல் மண்ணில் இதைச் செய்தால் காது கொடுத்துக் கேட்கவே வேண்டாம், கண்ணுக்கே தெரியும்.

அவசரத்துக்கு இலைவழித் தெளிப்பு. அன்னபேதி உப்பு, கடையில் பெரஸ் சல்பேட் என்று கேளுங்கள், ஒரு லிட்டருக்கு 5 கிராம், கூடவே 1 கிராம் சிட்ரிக் அமிலம் அல்லது அரை மூடி எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் சோப்புக் கரைசல். மழைத் தண்ணீரிலோ ஆர்ஓ சுத்திகரித்த தண்ணீரிலோ கரையுங்கள். கரைசல் வெளிர் பச்சையாக இருக்கும்வரைதான் அதற்கு உயிர். போர்த் தண்ணீரில் கரைத்துவிட்டு அரை மணி நேரம் வைத்தால் துருப்பிடித்த நிறத்துக்கு மாறிவிடும், அதை அடித்துப் பயனில்லை, கொட்டிவிடுங்கள். வெயில் இறங்கியபின் தெளியுங்கள். சில நாள் கழித்துப் பார்த்தால் துளி விழுந்த இடமெல்லாம் மஞ்சள் இலையில் பச்சைப் புள்ளியாக எழும்பியிருக்கும், அப்படி வந்தால் உங்கள் கணிப்பு சரி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இன்னும் இரண்டு தடவை அடிக்கலாம். ஒன்றும் ஆகவில்லையென்றால் வேறு காரணம் தேடவேண்டும். டைல்ஸ், கடப்பாக்கல் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தக் காவிக்கறை லேசில் போகாது.

மண்ணில் போடுவதென்றால் அன்னபேதியை அள்ளிக் கொட்டி ஒன்றும் நடக்காது, சுண்ணாம்பு மண் அதையும் கட்டிப்போட்டுவிடும். கடைக்காரர் சீலேட் இரும்பு என்று ஒன்று கொடுப்பார், அதில் என்ன எழுத்து போட்டிருக்கிறது என்று பாருங்கள். இடிடிஏ (EDTA) என்றால் இலையில் தெளிக்கத்தான் லாயக்கு, கார மண்ணில் தாக்குப்பிடிக்காது. இடிடிஹெச்ஏ (EDDHA) என்றால் கருஞ்சிவப்பாக இருக்கும், விலை கூடுதல், ஆனால் பி.எச். 8க்கு மேலேயும் இரும்பைப் பத்திரமாக வேர் வரை கொண்டுபோகும். சுவர் ஓரத்து ஒரு வரிசைக்கு மட்டும் இதை வாங்கி, பாக்கெட்டில் சொன்ன அளவில் கரைத்து வேரடியில் ஊற்றுவதில் அர்த்தமிருக்கிறது.

நீண்ட காலத்துக்கு மண்ணையே மாற்றுவதுதான் வழி. வினிகர் சோதனையில் நுரை வரவில்லை, ஆனால் பி.எச். 7, 7.5 என்று வருகிறது என்றால் சதுர மீட்டருக்கு 50 கிராம் தூள் கந்தகம் மேல்மண்ணில் கலந்துவிட்டு ஈரமாக வைத்தால் மண்ணிலுள்ள பாக்டீரியா மெல்ல அமிலமாக்கும், மாதக்கணக்கில் ஆகும். உரத்துக்கு யூரியாவை விட்டுவிட்டு அம்மோனியம் சல்பேட்டுக்கு மாறுங்கள், அதுவும் மண்ணைப் புளிக்கவைக்கும். நுரை பொங்கி வருகிற மண்ணில் கந்தகம் போடுவது காசைக் கரியாக்கும் வேலை, எவ்வளவு அமிலம் உண்டானாலும் சுண்ணாம்பு தின்றுவிடும். அங்கே முக்கால் அடி உயரத்துக்குத் தனிப் பாத்தி கட்டி, இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மட்கிய தொழுவுரம், ஒரு பங்கு மட்கிய தென்னை நார்க்கழிவு என்று நிரப்பி நடுவதுதான் ஒரே வழி.

இன்னொன்று, கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். முட்டை ஓடு, விறகுச் சாம்பல், எலும்புத் தூள் இதையெல்லாம் எல்லாச் செடிக்கும் போடச் சொல்லி ஆளாளுக்கு வீடியோ போடுகிறார்கள். இட்லிப்பூவுக்கு மூன்றுமே ஆகாது. சாம்பலும் முட்டை ஓடும் காரத்தைக் கூட்டும், எலும்புத் தூளில் சுண்ணாம்பும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சேர்ந்து இருக்கிற கொஞ்ச நஞ்ச இரும்பையும் முடக்கும். எப்சம் உப்பும் அப்படித்தான்: அது மக்னீசியம், மக்னீசியம் குறைந்தால் அடி இலைதான் மஞ்சளாகும். கொழுந்து மஞ்சளுக்கு எப்சம் உப்பு போடுவது தலைவலிக்குக் காலில் தைலம் தேய்க்கிற கதை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் கொழுந்து வெளுத்து, தையில் தானாகத் தேறிவிடுகிறதா? அது தண்ணீர் தேங்கி வேருக்குக் காற்று இல்லாததால் வருவது. வடிகால் போடுங்கள், உரம் வேண்டாம்.

அடி இலையில் பழுப்புப் புள்ளி, நுனி சுத்தமாக இருக்கிறது

பார்த்தவுடன் பூஞ்சணம் என்று முடிவு கட்டி மருந்து அடிப்பார்கள், புள்ளி குறையாது, அடுத்து இன்னும் விலைகூடிய மருந்து வாங்குவார்கள். அமெரிக்காவில் தெற்கு ஃபுளோரிடாவில் பல இடங்களில் சுண்ணாம்புப் பாறை மேல் மணல், அங்கே வேலிக்கும் தரைக்கும் இட்லிப்பூ நிறைய நட்டிருக்கிறார்கள், அவர்களுக்கும் இதே புள்ளித் தொல்லை. ஆராய்ந்து பார்த்ததில் கிருமி இல்லை, சாம்பல்சத்தும் மணிச்சத்தும் குறைந்ததுதான் காரணம் என்று கண்டார்கள். சாம்பல்சத்து மட்டும் குறைந்தால் முதிர்ந்த இலையில் விளிம்பு தெளிவான புள்ளிகள், மணிச்சத்து குறைந்தால் இலை முழுக்கச் செம்பு நிறம், இரண்டும் சேர்ந்து குறைந்தால் விளிம்பு கலங்கிய திட்டுத்திட்டான கறை.

பூஞ்சணப் புள்ளியாக இருந்தால் இளசு முதிர்ச்சி பார்க்காமல் கண்ட இலையிலும் வரும், நிழலான, நெருக்கமான மூலையில் அதிகமாக இருக்கும், சாயங்காலம் தலையோடு தண்ணீர் அடிக்கிற வழக்கம் இருக்கும். அதை நிறுத்தி, விழுந்த இலைகளைப் பொறுக்கினாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

சாம்பல்சத்துக்கு சல்பேட் ஆஃப் பொட்டாஷ் வாங்குங்கள், மூட்டையில் எஸ்ஓபி என்றிருக்கும். சிவப்பு நிற மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் மலிவுதான், ஆனால் அதில் குளோரைடு, உப்புத் தண்ணீர் ஊற்றுகிற வாசலில் அது வேறு சேர வேண்டாம். மணிச்சத்தை மட்டும் கை தாராளமாகப் போடாதீர்கள், இரும்புப் பிரச்சினை திரும்பி வந்துவிடும். புள்ளி விழுந்த இலை மறுபடி பச்சையாகாது, அதைப் பார்த்துப் பார்த்து மேலும் உரம் போடக் கூடாது. இப்போதைய கொழுந்து முற்றும்போது சுத்தமாக இருக்கிறதா என்பதுதான் கணக்கு.

இலை நுனியும் ஓரமும் கருகுகிறது

உப்பு. மண் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும், சொட்டுநீர்க் குழாயின் வாயில் வெள்ளைச் சக்கை கட்டியிருக்கும். வீணாகிறதே என்று ஆர்ஓ மெஷின் கழிவுநீரைச் செடிக்கு விடுகிறீர்களா? நல்ல எண்ணம்தான், ஆனால் உங்கள் தண்ணீரில் இருந்த உப்பெல்லாம் அதில்தான் திரண்டு நிற்கிறது. அதை வாசல் கழுவ வைத்துக்கொண்டு, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை இட்லிப்பூவுக்குக் கொடுங்கள், அதில் உப்பே கிடையாது. தினம் கையளவு தெளிப்பதைவிட மூன்று நாளைக்கு ஒருமுறை நன்றாக இறங்குமாறு விடுவது மேல், உப்பு வேருக்குக் கீழே போகும்.

நட்ட முதல் சில வாரங்களில் கருகினால் பயப்படாதீர்கள், நிழல்வலைக்கு அடியில் வளர்ந்த செடி வெயிலுக்குப் பழகுகிறது.

பச்சையாக, செழிப்பாக இருக்கிறது, பூ மட்டும் இல்லை

தோட்டக்காரர் எத்தனை நாளைக்கு ஒருமுறை கத்தரி எடுக்கிறார் என்று கேளுங்கள். இட்லிப்பூ கிளை நுனியில்தான் பூக்கும். மேல்பரப்பு மேஜைபோல் சமமாக இருக்கவேண்டும் என்று இரண்டு வாரத்துக்கொருமுறை சீவினால், கண்ணுக்குத் தெரியாத பருவத்திலேயே மொட்டுகள் சீவப்பட்டுவிடும். நுனியைப் பிரித்துப் பார்த்தால் கடைசி இரண்டு இலைக்கு நடுவே கடுகு அளவில் ஒரு கொத்து இருக்கும், அதுதான் அடுத்த மாதத்துப் பூ. குட்டை ரகம் தானாகவே குள்ளமாக நிற்கும், அதற்கு வருஷத்துக்கு இரண்டு கவாத்து போதும்: மாசியில் ஒன்று, ஆடி வாக்கில் ஒன்று. வெட்டியபின் பூ வர ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும், பொறுத்திருங்கள். விசேஷத்துக்கு வாசல் பூத்திருக்கவேண்டும் என்றால் இந்தக் கணக்கைப் பின்னோக்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

கத்தரி காரணமில்லை என்றால் வெயில். ஐந்து ஆறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும், மாமர நிழலில் இலைதான் வரும். மூன்றாவது காரணம் யூரியா, அதில் இருக்கிற தழைச்சத்து அதிகமானால் இலைதான் வரும்.

இலை மேல் கரி பூசினாற்போல், எறும்பு வரிசை

விரலால் தேய்த்தால் கரி கையோடு வரும், அடியில் இலை பச்சையாக இருக்கும். அந்தக் கரி செடியை நேரடியாகத் தின்பதில்லை, மேலே இருக்கும் ஏதோ ஒரு பூச்சி கழிக்கிற தேன்பாகில் வளர்கிற பூஞ்சணம் அது. கரிக்கு மருந்து அடிக்காதீர்கள், பூச்சியைத் தேடுங்கள். இலையைத் திருப்புங்கள். நடுநரம்பை ஒட்டி வெளிர் பச்சையாக, தட்டையாக, நகராமல் ஒட்டிக்கொண்டிருக்கும், உற்றுப் பார்த்தால் முதுகுக்குள் கறுப்பாக ஒரு வளைவுக் கோடு தெரியும். அது பச்சைச் செதில் பூச்சி, காப்பித் தோட்டக்காரர்களுக்குப் பழைய எதிரி. கணுக்களில் வெள்ளைப் பஞ்சாக இருந்தால் மாவுப்பூச்சி.

கொஞ்சமாக இருந்தால் பைப் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே மாவுப்பூச்சி பாதி போய்விடும். அப்புறம் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதிசோப்புக் கரைசல், நன்றாகக் கலக்கி இலையின் அடிப்பக்கம் நனையும்படி சாயங்காலம் அடியுங்கள், வாரம் ஒருமுறை மூன்று வாரம். மேலாக அடித்துவிட்டுப் போனால் ஒன்றும் ஆகாது. எறும்பை விடக்கூடாது, அது தேன்பாகுக்காகப் பூச்சியின் எதிரிகளை விரட்டிவிடும். புற்று எங்கே என்று பார்த்துக் கலைத்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மாவுப்பூச்சிக் கூட்டத்தில் அதைவிடப் பெரிதாக, நூல் நூலாக வெள்ளை மெழுகு தொங்க, விறுவிறுவென்று ஓடுகிற ஒன்றைப் பார்த்தால் நசுக்கிவிடாதீர்கள். அது கிரிப்டோலேமஸ் என்கிற பொறிவண்டின் புழு, மாவுப்பூச்சியைத் தின்றுதான் வளர்கிறது. அது இருக்கிற பாத்தியில் மருந்தைத் தள்ளிவையுங்கள்.

மண் ஈரம், செடி மட்டும் வாடுகிறது

மழைக்காலத்தில் ஒரு செடி தொங்கும், தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றுவோம், ஒரு வாரத்தில் பக்கத்துச் செடியும் தொங்கும். தொங்கியதைப் பிடுங்கிப் பாருங்கள். வேரை இரண்டு விரலால் இழுத்தால் தோல் உறைபோல் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் வேரழுகல். அந்தச் செடி பிழைக்காது, மண்ணோடு எடுத்து வெளியே போடுங்கள், மட்கு உரத்தொட்டியில் போடாதீர்கள். சுற்றியுள்ளவற்றுக்கு லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு என்கிற செம்பு மருந்தைக் கரைத்து வேர் நனைய ஊற்றலாம். இரண்டு மூன்று வாரம் கழித்து மட்கிய தொழுவுரத்தில் டிரைக்கோடெர்மா கலந்து போடுங்கள், இரண்டையும் ஒரே நாளில் செய்தால் செம்பு அந்த நல்ல பூஞ்சணத்தையும் முடக்கிவிடும். ஆனால் தண்ணீர் வடியாத பள்ளத்தில் இதெல்லாம் ஒரு பருவத்துக்குத்தான் தாங்கும்.

பிடுங்கிய வேரில் அழுகல் இல்லாமல் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. கடலோர மணல் மண்ணில் இது சகஜம், செடி சாகாது, வளரவும் வளராது. உளுந்து, தட்டைப்பயறு வேரில் வரும் நல்ல முடிச்சோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இட்லிப்பூவில் அப்படி ஒன்று கிடையாது. வேப்பம் பிண்ணாக்கும் நிறைய மட்குரமும் கொஞ்சம் அடக்கும். ரொம்ப முற்றிய இடத்தில் செடிகளை எடுத்துவிட்டு ஒரு போகம் துலுக்கச் சாமந்தி போட்டுவிட்டு மறுபடி நடுங்கள்.

தரை மூடவில்லை, இடைவெளியில் களைதான் வளருகிறது

இதில் பாதி நடும்போதே தீர்மானமாகிவிடுகிறது. இட்லிப்பூ கொடி இல்லை, ஓடிப் படர்ந்து தரையை மூடாது, ஒவ்வொரு செடியும் பக்கவாட்டில் பருத்துப் பக்கத்துச் செடியைத் தொட்டால்தான் உண்டு. ஒரு அடிக்கு ஒன்று, வரிசை மாற்றி மாற்றி. நூறு சதுர அடிக்கு ஏறத்தாழ நூறு செடி. காசு மிச்சம் பிடிக்க இரண்டடிக்கு ஒன்று நட்டால் மூடுவதற்குள் இரண்டு வருஷம் களைதான் பிடுங்கவேண்டும். நட்டுப் பிடித்ததும் நுனியை ஒருமுறை கிள்ளிவிட்டால் அடியிலிருந்து கிளை வெடிக்கும். இந்தக் கிள்ளலைச் செய்யாத செடிதான் பின்னால் அடிப்பக்கம் மொட்டையாக, மேலே குடைபோல் நிற்கும். ஏற்கெனவே அப்படி ஆகியிருந்தால் மாசியில் தரையிலிருந்து அரை அடி விட்டு வெட்டுங்கள், ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டாமல் ஒன்றுவிட்டு ஒன்றாக.

கோரை இருந்தால் நடாதீர்கள், முதலில் அதை ஒழியுங்கள். மேலே பிடுங்கினால் கிழங்கு கீழே சிரித்துக்கொண்டிருக்கும்; மண்ணைக் கொத்திக் கிழங்கோடு பொறுக்கி, இரண்டு வாரம் தண்ணீர் விட்டு மறுபடி முளைக்கவைத்து மறுபடி பொறுக்கவேண்டும். செடி நட்டபின் வேர்களுக்கு நடுவே இதைச் செய்ய முடியாது. இடைவெளியில் காய்ந்த இலையோ தென்னை நார்க்கழிவோ இரண்டு அங்குலம் பரப்பிவைத்தால் மற்ற களைகள் அடங்கும், தண்டை மட்டும் மூடாதீர்கள்.

வட்டமாக ஒரே இடத்தில் கருகி, சுற்றி மட்டும் கரும்பச்சையாக இருந்தால் தெருநாய் தினமும் வந்து போகிற இடம் அது. இரண்டு குடம் நல்ல தண்ணீர் ஊற்றி, நாய் வராமல் ஒரு கல்லையோ தொட்டியையோ அங்கே வையுங்கள்.

எல்லாம் செய்தும் சுவர் ஓரம் மட்டும் அடுத்த வருஷமும் மஞ்சளாகவே வருகிறதென்றால் அந்த இரண்டடியை விட்டுக்கொடுத்துவிடுங்கள். அங்கே ஊதாப் பூ பூக்கும் படர் லாந்தானா நடலாம், சுண்ணாம்பு மண்ணையும் வறட்சியையும் தாங்கும்; காட்டை அடைத்துக்கொள்கிற உண்ணிச்செடி வேறு, வாங்கும்போது பார்த்து வாங்குங்கள், நமக்கு வேண்டிய படர் லாந்தானாவுக்குத் தண்டு மெலிந்து தரையோடு படரும். அந்த வரிசையிலிருந்து எடுத்த இட்லிப்பூவைக் குப்பையில் போடவேண்டாம், செம்மண் கலவை நிரப்பிய தொட்டிக்கு மாற்றி மழைத் தண்ணீர் விட்டால் புதுக் கொழுந்து பச்சையாக வரும்.